சேலத்தில் ஓர் ஏரி, ஓர் ஆறு, ஓர் ஆட்டோ

பழைய பேருந்து நிலையத்திலிருந்து கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போக ஆட்டோக்காரர் கேட்டது 350 ரூபாய். "என்னண்ணா, ஏற்காட்டுக்கா கேட்டேன்?" என்றேன். "ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்காங்கக்கா, சுத்தித்தான் போகணும்" என்றார். பேரம் பேசி 280-க்கு வந்தார். ஏறி உட்கார்ந்தால் தோண்டலும் இல்லை, சுற்றலும் இல்லை, நேர் ரோடு. பக்கத்திலேயே டவுன் பஸ் உறுமிக்கொண்டு போகிறது. அதில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது!



ஆட்டோ பிடிப்பதற்கு முன்னால் ஆனந்தா பாலத்தில் நின்று திருமணிமுத்தாற்றைப் பார்த்தேன். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் பிறக்கிற ஆறு. ஊருக்குள் நுழைந்ததுமே வீட்டுச் சாக்கடை, சாயப்பட்டறைக் கழிவு எல்லாம் சேர்ந்துவிடுகிறது. அன்றைக்குத் தண்ணீர் கன்னங்கரேல். நடுவில் உடைந்த தெர்மோகோல், ஊறி உப்பிய ஒரு தலையணை. கரைச்சுவர் மட்டும் ஜோராக இருக்கிறது. ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேலம் 2016-லேயே இடம்பிடித்த ஊர். சாக்கடையைத் தடுத்துச் சுத்திகரிக்காமல் கரைக்குச் சுவர் எழுப்புவது வெட்டிச் செலவு என்பேன். யார் கோபித்துக்கொண்டாலும் சரி. எனக்கு இதில் சுயநலமும் உண்டு. இந்த ஆறு நாமக்கல் மாவட்டத்தில் போய்க் காவிரியில் கலக்கிறது. நான் திருச்சிக்காரி. எங்கள் வீட்டுக் குழாயில் வருவது அந்தக் காவிரிதான்.

மூக்கனேரியைப் பார்த்ததும் 280 ரூபாய் எரிச்சல் பாதி போய்விட்டது. 58 ஏக்கர். மண் மேடிட்டுக் குப்பை சேர்ந்து கிடந்த ஏரி இது. 2010-ல் சூழலியல் ஆர்வலர் பியூஷ் மானுஷும் சேலம் மக்கள் குழுவும் இதைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் செய்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. தூர்வாரிய மண்ணை லாரி லாரியாக வெளியே அடித்தால் காசு கட்டுப்படியாகாது. அதை ஏரிக்குள்ளேயே குவித்துத் தீவுகளாக்கி மரம் நட்டுவிட்டார்கள். தோண்டிய இடத்தில் தண்ணீர் கூடுதலாக நிற்கிறது, தீவில் ஆள் நடமாட்டம் இல்லாததால் பறவைகளுக்கு நிம்மதி. ஒரு தீவின் கரையில் சாய்ந்திருந்த மரத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கீழ்க்கிளை இலையெல்லாம் எச்சத்தால் வெள்ளையடித்த மாதிரி இருந்தது.

தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "மழ பேஞ்சா ஏற்காட்டுத் தண்ணி இங்கதான் கண்ணு வரும். ஏரி ரொம்புனா எங்க கிணத்துல கயிறு கம்மியா விட்டாப் போதும்" என்றார். தண்ணீர் வழிந்தால்? "அப்ப வீட்டுக்குள்ள வரும்" என்று சிரித்தார். உபரிநீர் போகும் வாய்க்காலை நெருக்கி வீடு கட்டினால் வேறு எங்கே போகும்? ஏரியைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, வரும் வழியும் போகும் வழியும் வேண்டும். கரையிலேயே பிளாஸ்டிக் கவரில் பூஜைக் குப்பையைக் கட்டி வீசியிருந்தார்கள், அந்தப் புண்ணியவான்களை என்ன சொல்ல!

அப்புறம் தட்டுவடை செட். இதற்காகவே சேலம் வரலாம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக அரிந்த வெங்காயம், மேலே காரச் சட்னி. கடித்ததும் தட்டை நொறுங்கிச் சட்னி முழங்கை வரை வழிகிறது. தள்ளுவண்டி அக்கா, "மெதுவா சாப்பிடுங்க, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்றார். இன்னொரு செட் வாங்கினேன். வயிறும் பர்ஸும் ஒன்றாகச் சந்தோஷப்பட்ட ஒரே இடம் இதுதான்.

ஏற்காட்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்பவர். மரவள்ளிக் கிழங்குக் கழிவுநீர் நாற்றத்துக்குப் பேர்போன தொழில். இப்போது பல ஆலைகளில் அந்தக் கழிவிலிருந்தே எரிவாயு எடுத்து எரிபொருள் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள். "லாபம் இருந்தா முதலாளி தானா செய்வாருங்க" என்றார். சாக்கடையில் லாபம் இல்லை போல.

இருபது கொண்டை ஊசி வளைவும் நல்லபடியாக ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை, ஏற்காட்டு ஏரிக்கரை முழுக்கக் கார். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019-லிருந்தே தமிழ்நாட்டில் தடை. சில்வர் ஓக் மரத்தடியில் கிடந்த டம்ளர்களுக்கு அது தெரியவில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து இந்தக் குப்பை மழையோடு இறங்கினால் மூக்கனேரிக்கோ திருமணிமுத்தாற்றுக்கோதான் போகும். விடுதி வாடகை கேட்டுத் தலை சுற்றியதால் சாயங்கால பஸ்ஸிலேயே இறங்கிவிட்டேன்.

போகிறவர்கள் வார நாளில் போங்கள். மழை முடியும் சமயம் ஏரி நிறைந்திருக்கும். ஆனால் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது மலைப்பாதையில் மண் சரிந்த மாதிரி ஆகலாம், அதனால் பாதை திறந்திருக்கிறதா என்று அடிவாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மலைக்கு வழி இல்லையென்றால் இன்னொரு தட்டுவடை செட்.