வைண்டிங் அண்ணன்

கோவை கணபதியில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில்தான், அதாவது கருகிய மோட்டாரின் கம்பிச் சுற்றை (காயில்) எடுத்துவிட்டுப் புதுசாகச் சுற்றும் பட்டறையில்தான், நான் வேலை பழகினேன். கற்றுக்கொடுத்த அண்ணன் போன மாசியில் காலமானார். அவரைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று அன்றிலிருந்தே மனசுக்குள் இருக்கிறது.

1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்லும் பம்ப்செட்டுமாக வளர்ந்த ஊர் இது. இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் 1937-இல் பீளமேட்டில்தான் உருவானது. செய்தவர்களின் பேர் நிலைத்துவிட்டது. கருகிய மோட்டாரை மறுபடி ஓட வைத்த இவர் மாதிரி ஆட்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பேன்.

சித்திரையில் கிணறு வற்றி, வோல்டேஜும் இறங்கும்போது மோட்டார்கள் வரிசையாக வரும். வந்ததும் காயிலை வெட்டி எறிய அண்ணன் விடமாட்டார். காயில் பதிந்திருக்கும், சுழலாத பாகமான ஸ்டேட்டரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எல்லாம் ஒரே மாதிரி கறுத்திருந்தால் லோடு அதிகம், இல்லையென்றால் வோல்டேஜ் குறைவு. மூன்று பேஸ் காயில்களின் ஒரு முனையைச் சேர்த்துக் கட்டிய ஸ்டார் கனெக்ஷன் மோட்டாரில் இரண்டு பேஸ் கருகி, ஒன்று மட்டும் புதுசு போல மினுங்கினால் அது சிங்கிள் பேசிங்கில், அதாவது வரவேண்டிய மூன்று பேஸில் ஒன்று வராமலே, ஓடியிருக்கிறது.

"ஏனுங்க, மோட்டார் மேல தப்பில்லீங்க. ஒரு பேஸ் வரலீங்க. பீஸ் கட்டையைப் பார்க்காம மாட்டுனா மறுபடியும் இங்கதான் வரோணும்."

திரும்பி வரும் வேலை குறைகிறதே என்று முதலாளிக்கு வருத்தம். அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பழைய காயிலின் சுற்றுகளை எண்ணி, எனாமலைச் சுட்டு நீக்கிக் கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்து, நோட்டில் எழுதிய பிறகுதான் புதுக் கம்பியைத் தொடுவார். கம்பி இரும்பில் படாமல் காக்கும் லெதராய்டு பேப்பரை ஸ்டேட்டரின் பள்ளங்களான ஸ்லாட்டில் செருகி, விரலாலேயே கம்பியை இறக்குவார். அவசரப்பட்டுத் தட்டி இறக்கினால் எனாமல் உரியும், சீக்கிரமே ஷார்ட் ஆகும். எங்கள் விரல்தான் எரியும். அவரோ, "கம்பி நோகாம போடு கண்ணு" என்பார்.

சீசனில் ராத்திரி வேலை உண்டு. ஆனாலும் எட்டு மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். பெண் பிள்ளைகள் இரண்டு பேரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு, அவர்கள் வீட்டுப்பாடம் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு, அப்புறம் வந்து விட்ட இடத்திலிருந்து காயில் போடுவார். அவர் படித்தது ஐந்தாவது.

பெரிய பெண் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் சேர்ந்தாள். ஒருநாள் அவள் வரைந்த வைண்டிங் டயக்ராமைப் பட்டறைக்குக் கொண்டுவந்து எல்லோரிடமும் காட்டினார். 36 ஸ்லாட், நாலு போல். அதில் ஒரே ஒரு கனெக்ஷன் மட்டும் வேறு மையில் திருத்தியிருந்தது. யார் திருத்தியது என்று கேட்டதற்கு, "அதை விடுங்க, மீதியெல்லாம் பாப்பா போட்டது" என்றார்.

அந்தப் பெண் இப்போது ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறாள். எழவுக்கு வந்திருந்த அன்னூர்ப் பெரியவர் ஒருவர், தன் மோட்டார் சூடாவதை அவளிடம் சொன்னார். துக்க வீட்டில் பேசுகிற பேச்சா என்று எனக்குக் கோபம் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேரிங் சத்தம் வருதுங்களா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.