மேடைப் பலகைக்கு அடியில் கம்பளி

காலி அரங்கம். மேடை நடுவில் நின்று ஒருவர் ஒரே ஒரு தடவை கை தட்டுகிறார். தட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்.

அந்த ஒலி அடங்க எடுக்கும் நேரம்தான் அரங்கத்தின் ஜாதகம்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் வாலஸ் சபைன் அளந்ததும் இதைத்தான். வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து, எதிரொலி அடங்காத ஒரு விரிவுரைக் கூடத்தில் அடுக்குவார். ஆர்கன் வாத்தியத்தின் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஓசை மறையும்வரை வினாடி எண்ணுவார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. அந்தக் கணக்கில் எழுந்ததுதான் 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் என்ற இசையரங்கம்.

2006-இல் அங்கே மேடைத் தளத்தை மாற்றினார்கள். நவீனப் பொருள் எதையும் தொடவில்லை. பழையபடியே மேப்பிள் பலகை, அடியில் அழுத்திய கம்பளி, சுத்தியலால் கையில் அடித்த எஃகு ஆணி.

வயலினின் பெரிய அண்ணனான செல்லோ, தன் அடிமுள்ளை ஊன்றுகிற இடமாயிற்றே! தளமும் சேர்ந்துதான் அதிரும்.

பல இடங்களில் ‘புதுப்பிக்கிறோம்’ என்று தரைவிரிப்பு, கனத்த திரை, தடித்த மெத்தை எல்லாம் போட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு அழகுதான். வயலின் ஓசை வறண்டுபோகும். அப்புறம் மைக் வரும். மைக் இல்லாமல் வாசிக்கும் நால்வர் குழுக்கள் வேறு இடம் தேடிப் போய்விடும்.

இருக்கை வாங்குபவர் பார்க்க வேண்டியது ஒன்று: ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு ஒலியை விழுங்குவாரோ, காலி இருக்கையும் ஏறக்குறைய அவ்வளவே விழுங்க வேண்டும். இல்லையென்றால் ஒத்திகையில் கேட்டது ஒன்று, கச்சேரியில் கேட்பது வேறொன்று.