எந்த ஜெயில்?

நான் சொன்னது இவ்வளவுதான்: "ஜெயிலா ஆயா? மூணு ரூபா குடு. சென்ட்ரல் வந்ததும் சொல்றேன்." வந்ததும் சொல்லவும் செய்தேன். கூடையை வாங்கி, கையைப் பிடித்து இறக்கிவிட்டு, அப்புறம்தான் விசில் அடித்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கிழவிகளை இறக்கியிருக்கிறேன். யார் முகமும் நினைவில்லை, இந்த ஒன்றைத் தவிர.

2007, பொங்கல் கழிந்த வாரம். கல்மண்டபத்தில் ஏறியது. காலை நடை, ஃபுட்போர்டு வரைக்கும் கூட்டம். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, காதோரம் வந்து, "ஜெயிலாண்ட ஒண்ணு குடு நைனா" என்றது. அவ்வளவு மெதுவாக யாரும் என்னிடம் டிக்கெட் கேட்டதில்லை. நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பதில் சொன்னேன்.

வடசென்னையில் ஓடுகிற கண்டக்டருக்கு ஜெயில் என்பது முதலில் ஒரு ஸ்டாப்பு. அப்புறம்தான் ஜெயில். சென்ட்ரல் எதிரே இருக்கிற பெரிய அரசு ஆஸ்பத்திரியான ஜி.எச்.சில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கூட "ஜெயிலாண்ட நிறுத்துப்பா" என்பார். அதுவும் எங்களுக்கு ஒரு ஜெயிலா? பழைய ஜெயில் ரோடு ஒன்று இருக்கிறது. போர்டில் இப்ராகிம் சாகிப் தெரு என்று எழுதி எத்தனையோ காலமாகிறது, ஏறுகிறவர்கள் வாயில் அந்தப் பெயர் வரவே இல்லை. அங்கே சிறை இருந்த இடத்தில் 1964 முதல் பாரதி மகளிர் கல்லூரி நடக்கிறது. பக்கத்திலேயே மாடிப் பூங்காவில், வெள்ளைக்காரன் கறுப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனை, சுற்றிக் கட்டிய மதிலின் மிச்சம் நிற்கிறது. மதில் கட்டிய செலவை ஊர்க்காரர்களிடமே வரியாக வசூலிக்கப் பார்த்தார்கள். வரி சரியாக வசூலாகவில்லை, வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்த ரோட்டில் தினமும் எட்டு நடை போய் வந்திருக்கிறேன். 'வால்' என்றால் சுவர் என்று ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் பஸ்ஸில் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அடுத்தது பார்க் டவுன் ஸ்டேஷன் ஓரம் இருந்த மத்திய சிறை. 1837-இல் கட்டியது. ஏறக்குறைய 11 ஏக்கர், அன்றைய செலவு 16,496 ரூபாய். பெனிடென்ஷியரி என்று பெயர். அந்தமானுக்குக் கப்பலேற்றுவதற்கு முன் கைதிகளை வைத்திருந்தது அங்கேதான். நேதாஜி இருந்திருக்கிறார். எமர்ஜென்சியில் மிசா சட்டத்தில் ஆட்களைப் பிடித்துப்போட்ட காலத்தில் முன்னாள் மேயர் சிட்டிபாபு அடிபட்டது அந்தச் சுவருக்குள். 1999 நவம்பரில், ஒரு கைதி செத்துப்போனதில் கலவரம் மூண்டு, துணை ஜெயிலர் ஒருவரை எரித்தே கொன்றார்கள். போலீஸ் சுட்டதில் கைதிகளும் செத்தார்கள். இதெல்லாம் என் ஸ்டாப்பில் நடந்தது. ஆனால் எனக்கு அது டிக்கெட் கிழிக்கிற இடம்தான்.

மூன்றாவது புழல். இடநெருக்கடியும் கலவரமும் சேர்ந்து 2006-இல் எல்லோரையும் அங்கே கொண்டுபோனார்கள். 200 ஏக்கருக்கு மேல் நிலம், தண்டனைக் கைதிக்கு ஒன்று, விசாரணைக் கைதிக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று மூன்று சிறை. பேப்பரில் வந்தது. செங்குன்றம் வண்டி ஓட்டுகிறவர்கள் டீக்கடையில் சொன்னார்கள், இனிமேல் மனு போட்டுக் கைதியைப் பார்க்கிற கூட்டமெல்லாம் எங்க வண்டிக்குத்தான் என்று. நானும் சிரித்தேன்.

ஆக எனக்குத் தெரியும்.

அடுத்த நடையில் சென்ட்ரல் வந்தபோது மணி பதினொன்று இருக்கும். ஸ்டாப்பில், கால் இரண்டுக்கும் நடுவில் கூடையை வைத்துக்கொண்டு ஆயா உட்கார்ந்திருந்தது. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் எழுந்தது.

"கேட்டு பூட்டிக் கீது நைனா. எல்லாரையும் வுட்டுட்டாங்களா?"

காலையில் காதோரம் முணுமுணுத்த அதே ஆயாதான். இப்போது ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டது. பக்கத்தில் ஒரு பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன வந்தது என்று சரியாகச் சொல்லவும் தெரியவில்லை.

"புழலுக்கு மாத்திட்டாங்க ஆயா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாய் மடித்திருந்த என் டிக்கெட்டை எடுத்து நீட்டியது.

"இந்தச் சீட்டு அங்க செல்லுமா?"

"செல்லாது ஆயா."

டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். செங்குன்றம் வண்டி நிற்கிற பக்கம் கையைக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டேன். புழல் இன்னும் பதினைந்து கிலோமீட்டர். கல்மண்டபத்திலேயே சொல்லியிருந்தால் மூலக்கடை வழியாகப் போயிருக்கலாம், இந்தப் பக்கமே வந்திருக்க வேண்டாம். போய்ச் சேர்வதற்குள் மனு நேரம் முடிந்திருக்கும். முடியாமலும் இருந்திருக்கலாம். உள்ளே இருந்தது மகனா, பேரனா, ஜெயில் மாறியதை ஏன் யாரும் அதற்குச் சொல்லவில்லை, எதையும் நான் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னபோது, "உங்ககிட்ட டிக்கெட் கேட்டாங்க, குடுத்தீங்க, அவ்ளோதானே" என்றாள் மனைவி. சரிதானே? பயணி இடத்தைச் சொல்லவேண்டும், கண்டக்டர் டிக்கெட் தரவேண்டும். எதற்குப் போகிறாய் என்று கேட்பது என் வேலை இல்லை. அதுவும் அவ்வளவு கூட்டத்தில், "எந்த ஜெயிலு ஆயா, மனு பாக்கவா?" என்று நான் கேட்டிருந்தால் பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கும். ஒரு வயசானவளின் மானத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கூடையை வாங்கி இறக்கினேன் என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்தக் கூடையில் இருந்தது ஒரு சீப்பு வாழைப்பழம், பிஸ்கட் பாக்கெட் இரண்டு, மடித்த லுங்கி ஒன்று. லுங்கியில் கடை ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை. ஜி.எச்.சுக்குப் போகிறவர் ஃபிளாஸ்க் எடுத்துப் போவார். இது எங்கே போகிற கூடை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காலையில் ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் கணக்கு எழுதுகிற இன்வாய்ஸ் முடிக்கணும், செக்கிங் ஏறுவான் என்ற பயம். குரலைத் தாழ்த்தினேனே, அது மரியாதையா, இல்லை பேச்சைச் சீக்கிரம் முடிக்கவா? ஒருநாள் இப்படித் தோன்றும், ஒருநாள் அப்படி.

2009-இல் இடிப்பதற்கு முன் சில நாள் ஜெயிலைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். நானும் குடும்பத்தோடு வரிசையில் நின்றேன். திருவிழாக் கூட்டம். அறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் போட்டோ எடுத்தார்கள், என் பையனும்தான். நேதாஜி இருந்த அறை எது என்று ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே நின்று தட்டியிருக்கும், எவ்வளவு நேரம் தட்டியிருக்கும் என்று. இப்போது அங்கே மருத்துவக் கல்லூரிக் கட்டிடம்.

அந்த ஆயாவுக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஜெயில் என்று யார் டிக்கெட் கேட்டாலும், "எந்த ஜெயில்?" என்று திருப்பிக் கேட்பேன். கல்லூரிப் பெண்கள் "ஜெயில் ரோடுதாண்ணா, நாங்க ஆயுள் தண்டனை" என்று சிரிப்பார்கள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது எனக்கு.

ஒருநாள் தண்டையார்பேட்டையில் ஒரு பெண் ஏறினாள். இடுப்பில் குழந்தை, கையில் பை. "ஜெயில்" என்றாள். "எந்த ஜெயில்மா? புழலா?" என்றேன், சத்தமாகத்தான். முன்சீட்டில் இரண்டு பேர் திரும்பினார்கள்.

"இல்லண்ணே, ஜி.எச்." என்றாள்.

ஜி.எச்.சுக்கே கிழித்துக் கொடுத்தேன். சென்ட்ரல் வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். இறங்கியவள் ஆஸ்பத்திரிப் பக்கம் நாலடி நடந்தாள், எங்கள் வண்டி நகரட்டும் என்று நின்றாள். நகர்ந்தது. பின்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, செங்குன்றம் வண்டி நிற்கிற பக்கம் திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.