எரிந்துபோன ஃபேனும் இரண்டாமாண்டுப் பையன்களும்

திருச்சிப் பக்கம் ஒரு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் டிரேடு பயிற்றுநராக இருக்கிறேன். எங்களிடம் சேரும் பையன்களில் பலர், "படிப்பு வரல, அதான் ஐ.டி.ஐ." என்ற பேச்சை வீட்டிலும் தெருவிலும் கேட்டுக் கேட்டு வந்தவர்கள். அவர்களுக்கு ஊக்கம் கொடுக்கிறோம் என்று யாரையாவது கூட்டிவந்து மேடையில் பேசவைப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கை தட்டுவார்கள், மறுநாள் வருகை அதே லட்சணத்தில்தான் இருக்கும். செய்கிற வேலை யாருக்காவது உதவுகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் அந்த வயதுப் பையன் பட்டறையில் நிற்கிறான்.

பலகையில் மாடிப்படி ஒயரிங் போடுவோம். இரண்டு டூ-வே சுவிட்ச், ஒரு பல்பு. எரிந்ததும் நான் கையெழுத்துப் போடுவேன். உடனே எல்லாவற்றையும் கழற்றி ஒயரைச் சுருட்டி வைத்துவிட வேண்டும். இந்தப் பயிற்சி தேவைதான், கை பழகுவது இதில்தான். ஆனால் கழற்றப்போகிற வேலையில் எத்தனை நாள் மனசு ஒட்டும்?

அதனால் இரண்டாம் ஆண்டில் ரீவைண்டிங், அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் பாடம் வரும்போது, வீட்டில் எரிந்துபோன சீலிங் ஃபேன் கிடந்தால் கொண்டுவரச் சொல்கிறேன். சரிசெய்து வீட்டுக்கே எடுத்துப் போகலாம் என்றதும் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

போன பேட்சில் ஒரு பையன், பேசவே மாட்டான், மதியத்துக்கு மேல் ஆளைக் காணமுடியாது. அப்பாயி ரூம் ஃபேனைப் பழைய சாக்கில் கட்டித் தூக்கிவந்தான். பிரித்ததும் காயிலை, அதாவது கம்பிச் சுருளை, வெட்டி எறிய நான் விடுவதில்லை. எது ஓடவைக்கும் ரன்னிங் காயில், எது கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் காயில், எந்த முனை எதோடு சேர்கிறது என்று முதலில் நோட்டில் வரையவேண்டும். ஒரு காயிலை உருவிச் சுற்றுகளை எண்ணவேண்டும், எனாமலைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரில் கம்பியின் கனம் பார்க்கவேண்டும். அப்படி வரைந்துகொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்: "சார், எங்க பம்பு மோட்டார்ல 2880னு போட்டிருக்கு. ஃபேன் மட்டும் ஏன் சார் மெதுவா சுத்துது?"

"ரன்னிங்ல எத்தனை காயில் எண்ணின?"

"பதினாலு சார்."

ரெக்கார்டு நோட்டில் எப்போதோ எழுதிவைத்த சூத்திரத்தை அவனே தேடி எடுத்தான். 120 பெருக்கல் மின்சாரத்தின் அலைவெண் 50, வகுத்தல் துருவங்கள் 14 (இந்த ஃபேனில் ஒரு ரன்னிங் காயிலுக்கு ஒரு துருவம்). நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 428 சுற்று. பம்பில் இரண்டே துருவம் என்பதால் 3000. இரண்டிலுமே கொஞ்சம் குறைவாகத்தான் சுற்றும், அந்தக் குறைச்சல்தான் ஸ்லிப் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சுற்றும் வேகத்தை அளக்கிற டாக்கோமீட்டர் எங்கே என்று கேட்டுவிட்டான். முதலாம் ஆண்டில் கரும்பலகையில் எழுதிப்போட்டபோது அதே சூத்திரத்தை வாய் திறக்காமல் காப்பி அடித்தவன் இவன்.

காயில் சுற்றி, தற்காலிகமாக மாட்டிச் சப்ளை கொடுத்ததும் ஃபேன் உறுமியது, சுற்றவில்லை. மறுபடியும் பிரித்தோம். ரன்னிங் வைண்டிங்குக்கு 12 வோல்ட் பாட்டரியைக் கொடுத்து, காயில் இருக்கும் சுழலாத பகுதியான ஸ்டேட்டரைச் சுற்றித் திசைகாட்டியை நகர்த்தச் சொன்னேன். முள் ஒவ்வொரு காயிலுக்கும் திரும்பித் திரும்பி ஆடவேண்டும்: வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு. ஓரிடத்தில் மூன்று காயில் தாண்டியும் முள் அசையவில்லை. நடுக் காயிலின் இரண்டு முனைகளும் மாறியிருந்தன. சுற்றி நின்ற பையன்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிட்டர் ஷாப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். முனைகளை மாற்றிப் பற்றவைத்து, மின்கசிவு இல்லையென்று மெகர் வைத்துப் பார்த்து, வார்னிஷ் ஊற்றி, 200 வாட் பல்புக்கு அடியில் காயவைத்தான். நாலு மணிக்கு மேலும் பட்டறையில் இருந்தான். நான்தான் கிளப்பி அனுப்பவேண்டியிருந்தது.

அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது உண்மையிலேயே பெரிய உதவி. அந்தப் பணம் அவர்களை வாசல் வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கிறது. உள்ளே வந்தவன் கையில் உருப்படியான வேலையைக் கொடுப்பது நம் பொறுப்பு.

இப்போது பையன்கள் பி.எல்.டி.சி. ஃபேன் (காந்தமும் எலக்ட்ரானிக் போர்டும் வைத்து ஓடும், மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை) பற்றிக் கேட்கிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை கட்டாயம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்தில் பி.எல்.டி.சி. 30 வாட் பக்கம்தான் இழுக்கிறது. இதில் பழுது பெரும்பாலும் எலக்ட்ரானிக் போர்டில் வரும். அதனால் அடுத்த பேட்சுக்கு அதையும் ஒன்று பிரிக்கவேண்டும் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் ஷாப்பில் இதைச் செய்து பார்க்க நினைக்கும் பயிற்றுநர்கள் முதலில் செப்புக் கம்பி ஃபேனாகப் பார்த்து எடுங்கள். விலை குறைந்தவற்றில் அலுமினியம் இருக்கும். அதில் பற்றவைப்பு லேசில் பிடிக்காது, பையன் முதல் நாளே சலித்துப்போவான். உருவிய செப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரீவைண்டிங் சாமான் கடையில் எடைக்குக் கொடுத்தால் புதுக் கம்பி விலையில் கழித்துக்கொள்வார்கள்.