ஸ்க்ரப் ஓடும் ராத்திரிகள்

ஏப்ரல் 3, வியாழன்
பூல் என்பது என் சர்வரின் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்த சேமிப்பு. அதைக் கவனிக்க நான் எழுதிவைத்த ஸ்க்ரிப்டிடமிருந்து "பூல் நலம்" என்று இன்றும் மெயில் வந்திருக்கிறது. அப்பத்தா பாதிக் கஞ்சிதான் குடித்தது.

ஏப்ரல் 5, சனி
சும்மாதான் பூலின் நிலையைக் காட்டும் இசட்பூல் ஸ்டேட்டஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது டிஸ்க்கில் செக்சம் பிழை, அதாவது எழுதியதும் படித்ததும் ஒத்துப்போகாத இடங்கள், 41. டிஸ்க்கை முழுதாகப் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் கடைசியாக நடந்தது நவம்பரில். வயிறு கலங்கிவிட்டது.

ராத்திரி பதினொரு மணிக்குத்தான் பிடிபட்டது. நவம்பரில் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டபோது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் க்ரானில், கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் வரியை எழுத மறந்திருக்கிறேன். அந்த வரி இல்லாவிட்டால் க்ரான் 'பின்', 'யூஎஸ்ஆர் பின்' என்ற இரண்டு ஃபோல்டரில் மட்டும் தேடும். இசட்பூல் இருப்பதோ 'எஸ்பின்' ஃபோல்டரில். கட்டளையே கிடைக்கவில்லை, அதனால் ஸ்க்ரப்பும் இல்லை, வெளியீடும் இல்லை. சொல் தேடும் என் க்ரெப் கட்டளை அந்த வெறுமையில் 'டிகிரேடட்' (பழுதான நிலை) என்ற சொல்லைத் தேடி, காணோம் என்றதும் நலம் என்று மெயில் அனுப்பிவிட்டது. ஐந்து மாதம்! பாத் சரியாக இருந்திருந்தாலும் இந்தப் பிழை க்ரெப்பின் கண்ணில் படாமல் தப்பியிருக்கும். செக்சம் பிழை இருந்தும் பூல் 'ஆன்லைன்' என்றுதான் காட்டுகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு
பாத் முழுதாகக் கொடுத்தேன். வரிசையில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்றே சொல்லும் பைப்ஃபெயில் சேர்த்தேன். 'ஆல் பூல்ஸ் ஆர் ஹெல்த்தி' என்ற வரி கண்ணில் பட்டால் மட்டுமே நலம், வேறு எது வந்தாலும், எதுவுமே வராவிட்டாலும், அலற வேண்டும். ஸ்க்ரப் நடந்து 35 நாள் தாண்டினாலும் அலற வேண்டும். வேண்டுமென்றே பாத்தை அழித்து ஓட்டினேன். அலறியது. அப்புறம்தான் சாப்பிட்டேன்.

வலிக்குதா அப்பத்தா என்றால், "நல்லாத்தான் இருக்கேன்யா."

ஏப்ரல் 7, திங்கள்
மதியம் கரண்ட் போனது. யூபிஎஸ் 12 நிமிடம் தாங்கியது. இரண்டாங்கட்டு அறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆத்தங்குடித் தரை மட்டும் குளிர்ச்சி. கரண்ட் வந்ததும், ஓடிக்கொண்டிருந்த ஸ்க்ரப் விட்ட இடத்தை ஒட்டியே தொடர்ந்தது. பூலில் இருக்கும் அப்பத்தாவின் தாலாட்டுப் பதிவுக்கு வேறு பிரதி கிடையாது. மிரர் (ஒரு டிஸ்க்கின் நகலாக இன்னொன்று) இருக்கிறதே என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும்தான் அழியும்.

ஏப்ரல் 8, செவ்வாய்
ஸ்க்ரப் முடிந்தது. மீளாத பிழை 0. கெட்டதையெல்லாம் முதல் டிஸ்க்கிலிருந்து எடுத்துச் சரிசெய்துவிட்டது. ஆனால் இரண்டாவதில் பெண்டிங் செக்டர், அதாவது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள், 24.

ஏப்ரல் 9, புதன்
24 இப்போது 56.

ஏப்ரல் 10, வியாழன்
டாக்டர் நாளைக்கு வருகிறார். அப்பத்தா அவரிடமும் நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லும். கூடவே நிற்க வேண்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி
தம்பி சென்னை ரிச்சி தெருவில் புது டிஸ்க் வாங்கிக்கொண்டு பல்லவன் ரயிலில் வந்து இறங்கினான். மாட்டியாகிவிட்டது. தாலாட்டைத் தனியாக ஒரு பென்டிரைவிலும் ஏற்றி அவன் பையில் வைத்தேன். புது டிஸ்க்குக்கு நகலெடுக்கும் ரீசில்வர் 38 சதவீதம். முற்றத்திலிருந்து அப்பத்தா கூப்பிடுகிறது.