பள்ளிக்குப் போகாமல் பத்தாவது எழுதிய கதை

ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். அம்மா, அப்பா, நான் மூவரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அது. எங்கள் தோட்டம் கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர் பக்கம் இருக்கிறது. சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் முதலில் கேட்பது, "அப்போ பத்தாவது எப்படி எழுதுவே கண்ணு?" என்றுதான். எழுதி முடித்துவிட்டேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளி இல்லை என்றால் நாள் முழுக்க விடுமுறை என்று பலர் நினைக்கிறார்கள். காலையில் கணக்கும் அறிவியலும் கட்டாயம் உண்டு. வெயில் ஏறிய பிறகு தோட்டத்து வேலை. எனக்குப் பொருளாதாரத்தில் ஆர்வம் வந்ததே சின்ன வெங்காயத்தால்தான். அறுவடை நேரத்தில் எல்லாத் தோட்டத்துச் சரக்கும் ஒரே சமயத்தில் சந்தைக்குப் போகும், விலை இறங்கிவிடும். அதனால் காற்றோட்டமாகப் பட்டறை (வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் அமைப்பு) போட்டு வைத்துப் பிறகு விற்போம். ஆனால் வைத்திருக்கும் காலத்தில் எடை குறையும், அழுகலும் விழும். அந்த நட்டத்தைத் தாண்டி விலை ஏறினால்தான் காத்திருந்ததற்குப் பலன். எப்போது பட்டறையைப் பிரிக்கலாம் என்ற கணக்கை அப்பா என்னிடமே விட்டார். சதவீதம் என்றால் என்னவென்று எனக்கு உண்மையிலேயே புரிந்தது அப்போதுதான். பிறகு பாடப்புத்தகத்தில் தேவை, அளிப்பு என்று படித்தபோது ஏற்கெனவே தெரிந்த ஒருவரைப் பார்த்தது போல் இருந்தது.

சரி, தேர்வுக்கு வருகிறேன். நான் எழுதியது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வு. எல்லாரும் என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். 1989-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு அமைப்பு. பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்ய 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லையே என்பதுதான் எங்கள் பெரிய கவலை. அதற்கும் வழி இருக்கிறது: இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று நாமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். அதைப் படித்த அன்று அம்மா முகத்தில் வந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காதவர்களுக்கு அதில் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை. இருந்தாலும் என்னைப் பள்ளிக்கு அனுப்பாதது சரியா என்ற கேள்வி அம்மாவின் மனதை அரித்துக்கொண்டேதான் இருந்தது.

தேர்ச்சிக்கு ஐந்து பாடங்கள் வேண்டும், அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். நான் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், பொருளாதாரம் எடுத்தேன். பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் நடக்கும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. பதிவு 5 ஆண்டு செல்லும், அதற்குள் 9 வாய்ப்புகள். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தமிழையும் பொருளாதாரத்தையும் முதலில் முடித்தேன். மீதி மூன்றையும் அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொண்டதால் கணக்கை அவசரமில்லாமல் படிக்க முடிந்தது.

ஒப்படைப்புகளை, அதாவது வீட்டில் எழுதிக் கொடுக்கும் பயிற்சிகளை, யாரும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்குத்தான். அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு தனி. எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். எங்களுக்குக் கிடைத்த படிப்பு மையத்தில் போனை எடுக்கவே மாட்டார்கள். செய்முறைத் தேதி அவர்களாகச் சொல்லவில்லை, நாங்கள் இணையதளத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அதனால் தினமும் ஒருமுறை இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

பாடத்தைவிட, தொடர்ந்து மூன்று மணி நேரம் கையால் எழுதுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. வீட்டில் படிப்பவர்களுக்கு அந்தப் பழக்கம் தானாக வராது. பழைய வினாத்தாள்களை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுவேன், அம்மாயி (அம்மாவின் அம்மா) கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார். "நேரமாச்சு, வெச்சிரு" என்றால் வைத்துவிட வேண்டும். அவர் பள்ளி வாசலை மிதித்ததில்லை. என் தேர்வுத் தயாரிப்பில் பெரிய பங்கு அவருடையது.

தேர்வு அறையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். என் வயதுப் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். எனக்கு முன்னால் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன், வேலையில் மேலே போகப் பத்தாவது வேண்டுமாம். பக்கத்து வரிசையில் ஓர் அக்கா, கைக்குழந்தையை வெளியே மரத்தடியில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கணக்குத் தேர்வுக்கு முன் அவருக்கு இருபடிச் சமன்பாட்டில் ஒரு சந்தேகம், என்னிடம் கேட்டார். படிக்கட்டில் உட்கார்ந்து சேர்ந்து போட்டுப் பார்த்தோம். அவருக்கு ஒன்பதாம் வகுப்போடு கல்யாணம் ஆகிவிட்டதாம். எனக்கு விருப்பப்பட்டுக் கிடைத்த வழி, அவருக்கு வேறு வழியில்லாமல் கிடைத்தது. அவர் தேறியிருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

ஒரே வயதுத் தோழிகள் இல்லாத குறை எனக்கு உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. தெருவில் சீருடையில் சிரித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் சில நாள் ஏக்கமாகத்தான் இருக்கும். சிலம்ப வகுப்பிலும், ஆர்.எஸ்.புரம் மாவட்ட மைய நூலகத்திலும் சிநேகிதிகள் கிடைத்தார்கள். அதற்குக் காலம் பிடித்தது. பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்க நினைக்கும் பெற்றோர் பாடத்திட்டத்தைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு இதையும் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஐந்து பாடத்திலும் தேர்ச்சி. அடுத்து பன்னிரண்டாம் வகுப்பு. உயிரியலும் பொருளாதாரமும் உறுதி. வேதியியல் எடுப்பதா வேண்டாமா என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு, ஏனென்றால் செய்முறைக்குப் பழக ஆய்வகம் வேண்டும். கோவைப் பக்கம் வெளியாட்களைப் பழக விடும் ஆய்வகம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.