லூம் பின்னல் பழகத் தொப்பியில் தொடங்க வேண்டாம்

லூம் நிட்டிங் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது கம்பளித் தொப்பிதான். பனி கொட்டுகிற நாடுகளில் இருப்பவர்கள் போட்ட வீடியோக்கள் அவை, அவர்களுக்கு அது சரி. சோளகம் அனலாய் வீசுகிற ஆடி மாதத்தில் வன்னியில் இருந்துகொண்டு தடித்த வூல் தொப்பியைப் பின்னி யார் தலையில் வைப்பது? என்னிடம் பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது, பருத்தி நூலில் ஒரு சதுரத் துணி பின்னுங்கள் என்றுதான். பாத்திரம் துடைக்கலாம், இரண்டாய் மடித்துப் பிடித்துச் சூடான சட்டி இறக்கலாம், தொடக்கத்தில் தெரிய வேண்டிய வேலை முழுவதும் அந்த ஒரு துண்டுக்குள்ளேயே இருக்கிறது.

லூம் என்பது சுற்றிவர முளைகள் நிற்கிற ஒரு பிளாஸ்ரிக் வளையம். முளையில் நூலைச் சுற்றி, ஏற்கெனவே கீழே கிடக்கிற நூல் வளைவை, அதாவது கண்ணியைக் கொக்கியால் தூக்கி, மேலே உள்ள நூலைத் தாண்டி உள்ளே விட வேண்டும். செற்றாக வாங்கினால் பெரும்பாலும் 24, 31, 36, 41 முளைகள் உள்ள நான்கு வளையங்கள் வரும். வாங்க வசதியில்லை என்றால் வீட்டில் தண்ணீர் வேலை செய்தபோது மிஞ்சிய 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயில் ஒரு சாண் வெட்டி எடுங்கள். அதன் சுற்றளவு ஏறத்தாழ 345 மில்லிமீற்றர், 24 ஐஸ்கிறீம் குச்சிகளை, ஒரு குச்சியின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு 14 மில்லிமீற்றரை விடச் சற்றுக் கூடுதலாக வரும்படி, விளிம்புக்கு மேல் இரண்டு சென்ரிமீற்றர் நிற்கும்படி ஒட்டி, வெளியே நல்ல ரேப் சுற்றிவிட்டால் லூம் தயார்.

ஊசிப் பின்னலை விட்டு இதைப் பிடித்துக்கொண்டதற்கு எனக்கு இருக்கிற பெரிய காரணம், நினைத்த நேரம் வைத்துவிட்டு எழும்பலாம். தண்ணீர் மோட்டரை நிறுத்த வேண்டும், பால் பொங்குகிறது, படலையில் யாரோ கூப்பிடுகிறார்கள், எங்கள் வீடுகளில் அரை மணித்தியாலம் ஒரே இடத்தில் யார் இருக்கிறார்கள்? இரண்டு ஊசியில் கண்ணிகள் வழுக்கி விழும். லூமில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு முளை இருக்கிறது, திரும்பி வரும்வரை அது அங்கேயே நிற்கும். வேலை செய்கிற நூலை மட்டும் கடைசி முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி விட்டுப் போங்கள்.

இனி நூல். நகரக் கடைகளில் கிடைக்கிற குரோசே பருத்தி நூல் இந்த முளை இடைவெளிக்கு மெல்லிசு, மூன்று இழையை ஒன்றாகப் பிடித்தால்தான் துணி வலைபோல் ஓட்டை ஓட்டையாய் வராது. பருத்திக்கு வூல் மாதிரி இழுபடுகிற தன்மை இல்லை, அதனால் கை இளக்கமாக இருக்க வேண்டும். எங்கள் பெரியம்மா பனையோலையில் கடகம் இழைக்கிறவர், விரல் ஓட்டம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் கடகத்துக்கு இறுக்கம்தான் உயிர், அந்தப் பழக்கத்தில் லூமிலும் நூலை இறுக்கி இழுத்தார், இரண்டாம் வரிசையில் கொக்கி கண்ணிக்குள் நுழையவே இல்லை. முளைக்கும் கண்ணிக்கும் நடுவே கொக்கி நுனி தடையில்லாமல் போக வேண்டும், அதுதான் அளவு. அதைச் சொன்ன பிறகு அவர் என்னை விட வேகமாகப் பின்னுகிறார்.

சதுரத்துக்கு வளையத்தை முழுதாகச் சுற்ற வேண்டாம். 20 முளை போதும், போய்த் திரும்பி வர வேண்டும். முளையை முழுதாகச் சுற்றிப் போடுவதை ஈ ராப் என்பார்கள், எல்லோரும் முதலில் பழகுவது அது. அதை மட்டுமே வைத்துப் பின்னினால் துணி ஓரத்தில் சுருண்டு குழாயாகிவிடும். லூமில் துணியின் முகம் எப்போதும் வெளியே பார்த்தபடியே இருக்கும், ஊசிப் பின்னலில்போலத் துணியைத் திருப்பிப் பிடிப்பது இல்லை, ஆகவே ஒரே தையலை எத்தனை வரிசை போட்டாலும் ஒரு பக்கத்துக்கே இழுவை சேரும். இதற்கு மருந்து பர்ல். நூலைக் கண்ணிக்குக் கீழே பிடியுங்கள், கொக்கியை மேலிருந்து கண்ணிக்குள் விட்டு அந்த நூலைப் பிடித்து மேலே இழுங்கள், ஒரு புதுக் கண்ணி வரும், பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை முளையில் போடுங்கள். முதலில் கை தடுமாறும், நேரம் எடுக்கும், பரவாயில்லை. ஒரு வரிசை ஈ ராப், ஒரு வரிசை பர்ல் என்று மாறி மாறிப் போட்டால் துணி தட்டையாகக் கிடக்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், தண்ணீரும் நன்றாக உறிஞ்சும். இதைத் தெரியாமல் விட்டால்தான் பலர் "எனக்கு வராது" என்று லூமைப் பரணில் போட்டுவிடுகிறார்கள், எனக்கு அது உண்மையில் மனவருத்தம்.

ஒவ்வொரு வரிசையின் முதல் முளையையும் பின்னாமல் தாண்டி விட்டால் ஓரம் சங்கிலிபோல் அழகாக வரும். எங்காவது கண்ணி கழன்று ஏணிபோல் கீழே இறங்கினால் அவிழ்க்க வேண்டாம், அடியில் நிற்கிற கண்ணியைக் கொக்கியில் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றி முளையில் மாட்டினால் போதும். துணியை மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள், சரியாக முக்கோணம் வந்தால் சதுரம் முடிந்தது. முடிக்கும்போது இரண்டாம் முளைக் கண்ணியை முதல் முளைக்கு மாற்றி, கீழ்க் கண்ணியை மேலே தூக்கிவிட்டு, மிஞ்சியதை இரண்டாம் முளையில் போட்டு, மூன்றாவதைப் பின்னி, இப்படியே நகர வேண்டும். இங்கேயும் கை இளக்கம்தான், இறுக்கினால் ஒரு ஓரம் மட்டும் சுருங்கி நிற்கும்.

இரண்டு மூன்று சதுரம் முடித்தவர்கள் தாராளமாகத் தொப்பிக்குப் போகலாம், ஆனால் பச்சைப்பிள்ளைக்கு, பருத்தியில். மார்கழி, தைப் பனியில் விடியக் காலம் பிள்ளையின் தலையை மூடாமல் எந்த அம்மம்மாவும் வெளியே கொண்டுபோக விடமாட்டார். பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு 35 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும், நாம் செய்த 24 குச்சிக் குழாய் அதற்குப் பொருந்தும். வட்டமாகவே சுற்றி 13 சென்ரிமீற்றர் வரை பின்னி, நூலை ஊசியில் கோர்த்து எல்லாக் கண்ணிக்குள்ளாலும் எடுத்து, முளையிலிருந்து கழற்றி இழுத்து முடிச்சுப் போட்டால் தொப்பி.

பழைய ரீசேர்ட்டுகளைக் கைக்குக் கீழே சுற்றிச் சுற்றி இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரே நாடாவாக வெட்டி, இழுத்துவிட்டால் அது தானாகச் சுருண்டு தடித்த நூலாகும். கால்மிதிக்கு அதைவிட நல்ல நூல் கிடையாது, கழுவி முற்றத்து வெயிலில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மலிவான பிளாஸ்ரிக் முளைகள் அந்த இழுவைக்கு முறியும். ஒரு பலகையில் இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒன்றாக ஒரே வரியில் ஆணி அடித்து அதில் பின்னுங்கள், தலையுள்ள ஆணியாகப் பார்த்து வாங்கினால் கண்ணி வழுக்காது.